கன்னியம்மாமார் பசியாற

செயின்ட் ஒடீலியா கான்வென்ட் என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசிப்பார். ஒட்டியாணம் ஸ்கூல் என்றால் உடனே மீட்டரைப் போடுவார். எங்கோ பிரெஞ்சு தேசத்துப் புனிதையின் பெயரைக் கன்னட தேசத்துக் கண்டோன்மென்ட் தமிழர்கள் எப்போதோ எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டார்கள். கன்னியாஸ்திரீகள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. பெயர்தானே, போனால் போகிறது. போகக் கூடாத பெயர் ஒன்று அந்தப் பள்ளியில் இருந்தது என்பது 1998 டிசம்பரில்தான் தெரிந்தது.

அங்கே காந்தாவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். சேரும்போது இருபத்திரண்டு வயது. முதல் நாளே எல்.கே.ஜி. குழந்தையிலிருந்து பத்தாம் வகுப்புப் பெண் வரைக்கும் 'ஆயா' என்று கூப்பிட்டார்கள். மணி அடிப்பது, பார்லர் என்கிற வரவேற்பறையைத் துடைப்பது, வாந்தி எடுத்த குழந்தையைக் கழுவிவிடுவது, மழை நாளில் பெற்றோர் வரும்வரை கேட்டில் காவல் நிற்பது எல்லாம் அவள் வேலை. இத்தோடு வருஷத்துக்கு ஒரு நாள் நடிப்பும் உண்டு.

டிசம்பர் பதிமூன்று புனித ஒடீலியாவின் திருநாள். அதை ஒட்டி ஸ்தாபகர் நாள் வரும். பிள்ளைகள் அதைக் கஞ்சி நாள் என்பார்கள். அன்றைக்கு யாரும் டிபன் பாக்ஸ் கொண்டுவரக் கூடாது. காரில் வந்திறங்குகிற பெண்ணும் தகரத் தட்டில் கஞ்சிதான் குடிக்க வேண்டும். பள்ளியை நிறுவிய மதர் குளோட்டில்ட், அந்தக் காலத்துப் பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்த தமிழ்க் கூலி ஜனங்களுக்குத் தம் கையாலேயே கஞ்சி ஊற்றி உயிர் காத்தார் என்பது பள்ளி வரலாறு. பார்லர் சுவரில் பித்தளைப் பலகையில் இங்கிலீஷில் அப்படித்தான் பொறித்திருந்தது. பலகைக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள், அந்தக் கஞ்சி அண்டா இருந்தது.

அண்டா பெரியதொன்றும் இல்லை. இருபது பேருக்குக் கஞ்சி காணும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஊர்ப் பஞ்சத்தைத் தீர்த்திருக்க முடியுமா என்று நூற்றிருபது வருஷமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கணக்கு டீச்சர்கள்தான் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்!

கஞ்சி நாளன்று அந்த அண்டாவை மேடைக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளைகளுக்கான கஞ்சி பின்னால் சமையலறை டேக்ஷாக்களில் இருக்கும்; அண்டாவில் பேருக்குக் கொஞ்சம் ஊற்றி வைப்பார்கள். பிரின்சிபால் சிஸ்டர், மதர் குளோட்டில்டின் இடத்தில் கரண்டியோடு நிற்பார். தோட்டக்காரர் கோவிந்தப்பா முதல் கக்கூஸ் கழுவுகிற சொர்ணம் வரை வேலைக்காரர்கள் ஆறு பேர், பஞ்சத்து ஏழைகளாக வரிசையில் வந்து முட்டி போட்டுத் தட்டை நீட்ட வேண்டும். வரிசையில் முதல் ஆள் காந்தா. அவளுக்கு மட்டும்தான் வசனம். 'அம்மா, பசிக்குது.' வகுப்பில் வாய் தவறித் தமிழ் பேசினால் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்த பள்ளியில், தமிழுக்கு மேடையில் கொடுத்த இடம் அந்த இரண்டு வார்த்தை. சிஸ்டர் 'டேக், மை சைல்ட்' என்று ஒரு கரண்டி ஊற்றுவார். எல்லாரும் கைதட்டுவார்கள்.

காந்தாவுக்கு இதில் மனவருத்தம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டி வலிக்கும், அவ்வளவுதான். அவளும் இந்தக் காம்பவுண்டில் படித்தவள். சேப்பலுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கட்டடம், அதற்குத் தனி கேட், ஃப்ரீ ஸ்கூல் என்று பேர். தமிழ் மீடியம். அங்கே ஏழாவது வரை படித்தாள். 1984இல் அதை மூடி, பின்னால் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிட்டார்கள். இருந்தாலும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடம். நம் ஜனத்துக்குச் சோறு போட்ட மகராசி என்று உண்மையாகவே நம்பித்தான் பத்தொன்பது வருஷம் முட்டி போட்டாள். ஜீவனஹள்ளியில் அவள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்கும் எல்லம்மாவுக்கும் நடுவில் மதர் குளோட்டில்டின் சின்னப் படம்கூட ஒன்று இருந்தது. ஏமாந்தவளின் கோபம் எவ்வளவு ஆழமானது என்று புரிய வேண்டுமானால் அந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் பள்ளிக்கு நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு. பிரின்சிபால் சிஸ்டர் லிட்வினா மங்களூர்க்காரர்; தமிழ் பேசினால் பாதி கன்னடமாக வரும். நல்ல நிர்வாகி, கோபம் வந்தால்கூடக் குரல் உயராது. விழா மலர் தயாரிக்கப் பழைய மாணவி ஸ்னேஹாவை அழைத்திருந்தார். ஸ்னேஹா மல்லேஸ்வரத்து ஐயங்கார் வீட்டுப் பெண், விளம்பரக் கம்பெனியில் பெரிய வேலை. வீட்டில் பேசுவது தமிழ்; பள்ளியில் எடுத்தது கன்னடம்; தமிழ் எழுத்தில் 'அ'கூடத் தெரியாது. எல்.கே.ஜி.யில் அவள் மூக்கைத் துடைத்துவிட்டவள் காந்தாதான்.

விழாவை வீடியோ எடுக்கப் போகிறார்கள், அண்டா பளபளவென்று இருக்க வேண்டும் என்று முடிவானது. இதுவே பெரிய புரட்சிதான். ஏனென்றால் அந்தச் செப்பு அண்டாவின் வெளிப்புறத்தை யாரும் தேய்க்கக் கூடாது என்பது அதுவரை பள்ளியின் சட்டம். உள்ளே ஈயம் பூசலாம், துடைக்கலாம். வெளியே அப்பியிருந்த கரி மட்டும் பஞ்ச காலத்துக் கரி; மதர் குளோட்டில்ட் மூட்டிய அடுப்பின் புனிதக் கரி. சரித்திரத்தையே இப்படிக் கரியாகச் சேர்த்துவைத்த பள்ளி வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலறைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து காந்தா அண்டாவைத் தேய்த்தாள். புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தாள். கழுத்துக்குக் கீழே விரலில் ஏதோ நெருநெருவென்று தட்டுப்பட்டது. தண்ணீர் விட்டுக் கழுவினாள். புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவோமே, அதேபோல. சுற்றிலும் ஒரே வரி. அண்டாவைத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'கன்னியம்மாமார் பசியாற சின்னத்தாயி வகையறா உபயம். தாது வருஷம் மாசி மாதம்.'

இரண்டாம் தடவை படித்தபோது கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாம் தடவை வாய்விட்டுப் படித்தாள்.

தாது வருஷம் என்றால் என்னவென்று காந்தாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்ன வயசில் அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால் அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்து, "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி துண்றியேடி" என்பாள். ஊரே செத்த வருஷம் அது. எலியைப் பிடித்துத் தின்ற வருஷம். அந்த வருஷத்தில் சின்னத்தாயி என்ற ஒருத்தியும் அவள் வகையறாவும் சேர்ந்து ஒரு செப்பு அண்டாவைக் கொண்டுவந்து கன்னிமடத்தில் வைத்திருக்கிறார்கள். எதற்கு? கன்னியம்மாமார் பசியாற. கூலி ஜனம் பசியாற அல்ல. கன்னியம்மாமார் பசியாற.

ஃப்ரீ ஸ்கூல் பிள்ளைகள் சிஸ்டர்களைக் கன்னியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காந்தாவும் அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்தாள். ஆகவே அந்த வரியில் அவளுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. பள்ளிக் கதையில் வருகிற, கடல் தாண்டி வந்த ஐந்து வெள்ளைக்காரக் கன்னியரும் அவர்கள் சேர்த்துவைத்திருந்த அநாதைப் பிள்ளைகளும் அரிசி இல்லாமல் கிடந்தபோது, தாங்களே பட்டினியில் கிடந்த ஜனம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறது. ஊற்றியவர்களின் பேரப்பிள்ளைகளை இத்தனை வருஷம் முட்டி போடவைத்துத் தட்டை நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் தேங்காயையும் எடுத்துக்கொண்டு, கடைக்காரனையே பிச்சைக்காரனாகவும் ஆக்கிவிட்டார்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் கதை ஒரு கரண்டி கூடியிருக்கும். கரண்டியைப் பிடித்த கைதான் மாறிவிட்டது.

புடவை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு காந்தா நேராகப் பார்லருக்குப் போனாள். சிஸ்டர் லிட்வினாவும் ஸ்னேஹாவும் மலரின் பக்கங்களை மேசை மேல் பரப்பி வைத்திருந்தார்கள்.

"சிஸ்டர், அண்டாவுல பேரு வெட்டியிருக்குது. வந்து பாருங்க."

இருவரும் வந்து பார்த்தார்கள். காந்தா விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினாள். சிஸ்டர் லிட்வினா ஸ்னேஹாவைப் பார்த்தார். தமிழ் என்றால் தமிழ்க்காரியைத்தானே கேட்க வேண்டும். முன்னால் நிற்கிற இன்னொரு தமிழ்க்காரி, எழுதப் படிக்கத் தெரிந்தவள், கணக்கில் வரவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ ஆயா. என்ன வருஷம்?"

"தாது வருஷம், மேடம்."

ஸ்னேஹா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "தாதுன்னா மெட்டல். கன்னட டெக்ஸ்ட்ல சயின்ஸ் பாடத்துல வருமே, தாது, எலிமென்ட்டுன்னு. அப்போ இது அந்தப் பாத்திரம் வார்த்த வருஷம். ஆனா எந்த வருஷம்னு நம்பர் போட விட்டுட்டா, பாவம்."

காந்தாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அது இல்ல மேடம். தாது வருஷம்னா பஞ்சம் வந்த வருஷம். அந்தப் பஞ்சத்துல எங்க ஆளுங்க சிஸ்டருங்களுக்குக் கஞ்சி ஊத்தியிருக்காங்க. இங்க பாருங்க, கன்னியம்மாமார் பசியாறன்னு போட்டிருக்குது."

"யாரோ டொனேட் பண்ணியிருக்கா சிஸ்டர், டைனிங் ரூமுக்கு," என்றாள் ஸ்னேஹா. "லேட்டரா இருக்கும். இது வீடியோல வந்தா கன்ஃப்யூஷன் ஆகும். ஒரிஜினல் பாட் இதுதானான்னு யாராவது கேப்பா."

சிஸ்டர் லிட்வினா அந்த வரியின் மேல் நகத்தால் ஒரு தரம் சுரண்டிப் பார்த்தார். "ஸ்க்ராட்ச் மாதிரி இருக்கு. காந்தா, உன் ஹஸ்பண்ட் பாலிஷ் ஃபேக்டரியில தானே? அவன் கையில கொடு. ஃபுல் பஃபிங் மாடி, நீட்டா கொண்டு வரட்டும். இந்த லெட்டர் எல்லாம் பேடா, வேணாம்."

காந்தாவின் கணவன் பிரகாஷ் பீன்யாவில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் பஃபிங் வேலை செய்கிறவன். சக்கரம் சுற்றும், அதில் உலோகத்தை அழுத்தினால் கண்ணாடி ஆகிவிடும். அந்தச் சக்கரத்துக்கு எழுத்து, கீறல் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. அது காந்தாவுக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும்.

அண்டா கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் ஜீவனஹள்ளிக்கு வந்தது. மறுநாள் காலை பிரகாஷ் கம்பெனிக்குக் கிளம்புமுன் அதைத் திருப்பிப் பார்த்தான். காந்தா எல்லாவற்றையும் சொன்னாள்.

"சக்கரத்துல வெச்சா அஞ்சு நிமிசம்," என்றான் பிரகாஷ். "புள்ளி வெட்டு. ஆழமே இல்ல. ஒண்ணும் நிக்காது."

"அதனாலதான் சொல்றேன், வெக்காத. பஃபிங் மிஷின் கெட்டுப்போச்சின்னு சொல்லிடு."

"நாளைக்கி வேற கம்பெனிக்கி அனுப்புவாங்க. அவன் எழுத்தெல்லாம் பார்ப்பானா? தபாரு காந்தா, இன்னும் பத்து வருசம் சர்வீஸ் கீது உனக்கு. ஒரு சின்னத்தாயிக்கோசரம் வேலைய வுட்டுக்கப் போறியா? அவ யாரு, உங்க அத்தையா?"

"எவளா இருந்தா இன்னா? தாம் பட்டினி கெடந்து இன்னொருத்தருக்கு ஊத்துனவ. அவ பேர அழிக்கிறதுக்கு எம் புருசங்கைதான் கெடச்சிதா இவங்களுக்கு?"

பிரகாஷ் கோணிப்பையைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். அன்று முழுக்கக் காந்தா மணியை ஐந்து நிமிஷம் முன்னே பின்னே அடித்தாள். இடைவேளை சீக்கிரம் வந்துவிட்டதென்று பிள்ளைகளுக்கு சந்தோஷம். அவள் நினைப்பெல்லாம் பீன்யாச் சக்கரத்தில் இருந்தது. ஒரு பேர் அழிகிறது. அழிந்த பிறகு, இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சாயங்காலம் பிரகாஷ் அண்டாவை நடுவீட்டில் இறக்கிக் கோணியை உரித்தான். அண்டாவில் டியூப்லைட் இரண்டு தெரிந்தது. அப்படி ஒரு பளபளப்பு. காந்தா பக்கத்தில் போகவில்லை.

"சுத்திப் பாரேன்," என்றான் அவன்.

கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாகப் பழைய செம்பு நிறம் அப்படியே நின்றது. அதன் மேல் அத்தனை எழுத்தும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

"பிளேட்டிங்ல வேணாத எடத்துக்கு டேப்பு ஒட்டி மறைப்போம்," என்றான் பிரகாஷ். "வேணும்ங்கிற எடத்துக்கு ஒட்டுனது இதுதான் மொத தபா."

காந்தா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பிறகு உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

அண்டாவைப் பார்த்த சிஸ்டர் லிட்வினாவின் முகம் சுருங்கியது. திரும்ப அனுப்பிப் பேச்சை வளர்க்க அவர் விரும்பவில்லை. மறுநாளே ஊதா நிறத்தில் ஒரு அகலமான சாட்டின் ரிப்பன் வந்தது. தங்க எழுத்தில் ஜூபிலி ஆண்டு அச்சடித்தது. அதை அண்டாவின் கழுத்தில் சுற்றி, முன்னால் பூப்போல முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எழுத்து முழுக்க உள்ளே போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சாட்டின் ரிப்பனில் மறைக்க முடிகிறது.

இதைக்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். விழாவுக்கு மூன்று நாள் முன்னால் நடந்ததைத்தான் விட முடியாது. ஸ்னேஹா மணிக்கூண்டு பக்கம் காந்தாவைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஆயா, நீங்க சொன்னதுதான் சரி. அப்பாகிட்டே கேட்டேன். தாதுங்கறது அறுபது வருஷத்துல ஒண்ணாம். தாது வருஷப் பஞ்சம் தெரியாதா அசடேன்னு திட்டினார். எய்ட்டீன் செவன்டி செவன் மாசி. கரெக்டா பஞ்சத்தோட நடுவுல."

காந்தாவின் முகம் மலர்ந்தது. "அப்ப புக்குல மாத்திடுவீங்க இல்ல மேடம்?"

ஸ்னேஹா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "பிரிண்ட் ஆயிடுத்து ஆயா. சிஸ்டர்கிட்டேயும் சொன்னேன். நூத்தி இருபது வருஷமா சொல்லிண்டு வர கதை, இப்போ போய் ஏன் கலைக்கணும்னு சொல்றா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

காந்தா அங்கிருந்து நேரே பிரின்சிபால் ரூமுக்குப் போனாள். பத்தொன்பது வருஷத்தில் கூப்பிடாமல் அந்த ரூமுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், உண்மை தெரிஞ்சப்பறமும் நான் அந்த லைனு சொல்லணுமா?"

சிஸ்டர் லிட்வினா பேனாவைக் கீழே வைத்தார். குரல் வழக்கம்போல மெதுவாகவே இருந்தது. "காந்தா, யாரு யாருக்கு ஊத்தினா என்ன? எல்லாம் தேவர அன்பு. அதுல வித்யாசம் ஏனு இல்ல. பெரிய ஃபங்ஷன். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணு."

வித்தியாசம் இல்லையாம். வித்தியாசம் இல்லையென்றால் ஒரு வருஷம் மாற்றிப் பார்க்கலாமே, நீங்கள் முட்டி போடுங்கள், நான் ஊற்றுகிறேன் என்று காந்தாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. முட்டி போடுகிறவளிடம் மட்டும்தான் உலகம் வித்தியாசம் பார்க்காதே என்று சொல்லும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஃப்ரீ ஸ்கூலில் கரும்பலகையில் எழுதிப்போட்டு நூறு தடவை எழுதவைத்தவர்களும் இதே கன்னியம்மாக்கள்தான். அவள் வெளியே வந்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து மதர் குளோட்டில்டின் படத்தை எடுத்துத் துடைத்தாள். தூக்கி எறியத்தான் எடுத்தாள். அந்த அம்மாள் பசித்து வாங்கிக் குடித்தவள்தானே, பொய் சொன்னவள் அவள் இல்லையே என்று தோன்றியது. திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.

விழா சனிக்கிழமை காலை. மைதானத்தில் பெரிய ஷாமியானா. முன்வரிசையில் துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த பழைய மாணவிகள், பெற்றோர், கழுத்தில் சிலுவை போட்ட பெரியவர்கள். கடைசி வரிசையில், ஷாமியானாவின் நிழல் முடிகிற இடத்தில், வேலைக்காரர்களின் வீட்டு ஜனம். ஜீவனஹள்ளியிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் ஃப்ரீ ஸ்கூலில் படித்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அழைப்பிதழ் அனுப்பவில்லை, காந்தா வாய்வழியாகச் சொல்லிவிட்டிருந்தாள். பிரகாஷும் லீவு போட்டுவிட்டு வந்து கம்பத்தோரம் நின்றான்.

பேச்சு, பாட்டு, நடனம் எல்லாம் முடிந்தது. மைக்கில் ஸ்னேஹா வரலாற்றைப் படித்தாள். பஞ்சம், பட்டினி, மதர் குளோட்டில்டின் கருணை. அவள் குரல் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியது. பிறகு அண்டாவைக் கொண்டுவந்து மேடை நடுவில் ஸ்டூல் மேல் வைத்தார்கள். வெயில் பட்டு அது மின்னியதைப் பார்த்து முன்வரிசையில் 'ஆ' என்றார்கள். சிஸ்டர் லிட்வினா கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். வீடியோக்காரர் கிட்டே வந்தார்.

வேலைக்காரர்கள் ஆறு பேரும் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியேறினார்கள். கம்பளிகூடப் பள்ளியுடையது, பஞ்சத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைத்திருப்பது. காந்தா முதலில் போனாள். அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றாள். முட்டி போடவில்லை.

சிஸ்டர் கண்ணால் கீழே காட்டினார். மைக்கைக் காந்தாவின் வாய்க்கு நேரே யாரோ பிடித்தார்கள்.

காந்தா கம்பளியை உதறித் தரையில் போட்டாள். உள்ளே கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் பட்டு. குனிந்து ரிப்பனின் முடிச்சை அவிழ்த்தாள். அது சாட்டின், லேசில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அண்டாவில் விரலை வைத்து, பிள்ளைகளுக்கு வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"கன்னியம்மாமார் பசியாற. சின்னத்தாயி வகையறா உபயம். தாது வருஷம் மாசி மாதம்."

முன்வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. நிகழ்ச்சியில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு அம்மாள் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு கிழவி எழுந்து நின்றாள். "இன்னாது? தாது வருசமா?" என்று பக்கத்தில் கேட்டாள். அந்தப் பேச்சு வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது. தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். மைதானத்தில் அத்தனை தமிழ் ஒரே நேரத்தில் எழுந்தது அன்றுதான்.

"காந்தா, லைன் சொல்லு," என்றார் சிஸ்டர், உதடு அசையாமல்.

"பத்தொம்போது வருசமா சொன்னேன், சிஸ்டர்," என்றாள் காந்தா. மைக் எல்லாவற்றையும் பிடித்தது. "தெரியாம சொன்னேன். அது எங்க லைனு இல்ல. அந்த வருசம் அத சொன்னவங்க உங்க ஆளுங்க. சொன்னதுல ஒரு கொறவும் இல்ல, பசி யாருக்கும் வரும். கேட்டவங்களுக்கு ஊத்தினவ சின்னத்தாயி. வகையறான்னு போட்டிருக்குது பாருங்க, அந்த வகையறாவுல நானும் வரேன், கோவிந்தப்பா அண்ணனும் வராரு, சொர்ணம் அக்காவும் வராங்க."

தன் கையிலிருந்த தகரத் தட்டைச் சிஸ்டரின் கரண்டி பிடித்த கை மேல் வைத்தாள். சிஸ்டருக்குக் கரண்டியை விட்டுவிட்டுத் தட்டைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. விட்டால் தட்டு மேடையில் விழுந்து உருளும். கரண்டி காந்தாவின் கைக்கு வந்தது. வீடியோக்காரரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார்.

காந்தா கரண்டியை அண்டாவில் விட்டு நிறைய மொண்டாள். தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். மைதானம் முழுக்க அதற்காகவே காத்திருந்தது. சிஸ்டர் லிட்வினாவின் உதடு ஒரு தரம் திறந்து மூடியது. ஸ்னேஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லாட்டிப் போவுது," என்றாள் காந்தா. "சின்னத்தாயி யாரையும் முட்டி போட வெச்சி, சொல்ல வெச்சி ஊத்தல."

ஊற்றினாள். கஞ்சி சூடாக இருந்தது. தகரத் தட்டும் சூடாகிக்கொண்டே வந்தது. அத்தனை பேர் முன்னால் அதைக் கீழே வைக்கவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல் சிஸ்டர் லிட்வினா நின்றார். காந்தா அடுத்து நின்ற கோவிந்தப்பாவின் தட்டுக்குக் கையை நீட்டினாள்.